ஜன்னலில் இரண்டு

ஜூன் 2

அண்ணிக்கு,

இல்லை, நான் கேட்டு வாங்கவில்லை. அவராகத்தான் கொடுத்தார். போனில் இதைச் சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மெயிலில் எழுத யோசனையாக இருந்தது. ஆய்வக மெயில்களைத் தராசு படிக்கிறார் என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம். உங்கள் மெயில் அண்ணன் போனிலும் திறக்கும்.

நடந்தது இது. போன மாதம் தராசு என்னை அறைக்குக் கூப்பிட்டார். (நம் பேராசிரியருக்கு நாம் வைத்த பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது.) மேசைமேல் உங்கள் ஆய்வேடு. பக்கத்தில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம். உங்கள் சோதனையை அவர்களும் செய்து பார்த்தார்களாம். உங்கள் எண்கள் வரவில்லையாம்.

"நீயே ஒரு தடவை பண்ணிப் பாரும்மா. அதே ரூம், அதே சாமான். ஜூன் முடியறதுக்குள்ள சொல்லு."

"வேற யாராவது பண்ணலாமே சார். அவங்க என் அண்ணி."

"அதனாலதான் உன்கிட்ட குடுக்கிறேன். நீ தப்பா எதுவும் சொல்ல மாட்டே."

எந்தப் பக்கத்துக்குத் தப்பாக என்று நான் கேட்கவில்லை.

செய்ததை அப்படியே எழுதுகிறேன். எங்கே பிசகினேன் என்று நீங்கள் சொல்லலாம். இருபது சென்டிமீட்டர் ரப்பர் நூல், நானே வார்த்தது, நீங்கள் எழுதிய அளவில் வெள்ளைப் பொடி கலந்தது. இரண்டு பக்கமும் கிளிப்பில் மாட்டி, இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து நிறுத்தினேன். ஒரு முனையில் விரலால் லேசாகத் தட்டினேன். குறுக்கலை, அதாவது நூல் மேலும் கீழும் துள்ளி ஓடும் அலை, கிளம்பி மறுமுனை போய்ச்சேர எடுக்கும் நேரத்தை வேகக் கேமராவில் பிடித்தேன். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது நூல் ஒன்றை மூன்று மடங்கு. இன்னொரு புது நூலை நான்கு மடங்கு.

உங்கள் ஆய்வேட்டில்: இருபத்தொன்று, இருபது, இருபது மில்லிசெகண்டு. எவ்வளவு இழுத்தாலும் அலை போய்ச்சேர ஏறக்குறைய ஒரே நேரம். தூரம் கூடுகிறது, விறைப்பும் கூடுகிறது, அலை அதற்குத் தக்க வேகமெடுத்துக்கொள்கிறது. மொத்த ஆய்வேடும் அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் நிற்கிறது.

எனக்கு வந்தது: பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பத்து முறை.

உங்கள் மூல நோட்டுகளோடு ஒப்பிடலாம் என்று இரும்பு அலமாரியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று இருக்கின்றன. இந்த எண்கள் இருக்கவேண்டிய நான்காம் நோட்டு இல்லை.

எங்கே என்று தெரிந்தால் எழுதுங்கள்.

—

ஜூன் 7

வண்டு,

"அண்ணிக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாய். வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம், ஒரு தடவைகூட நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாண போட்டோவுக்கு நிற்கும்போதே "ஏய் கொக்கு, குனி, தலை வெட்டுப்படுது" என்று கத்தினவள் நீ. இப்போது அண்ணி, நீங்கள், எழுதுங்கள். கூண்டில் ஏற்றிவிட்டு மரியாதையாகக் கேள்வி கேட்கிற மாதிரி இருக்கிறது.

சரி, கூண்டிலிருந்தே பதில் சொல்கிறேன்.

நான் செய்ததும் நீ செய்ததும் ஒன்றுதான். வார்ப்பது. ஓவனில் எழுபது டிகிரி, இரண்டு மணி நேரம். வார்ப்புக் குழாயிலிருந்து உருவுவது. காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தூக்கிப் போடுவது. கேமராவுக்குத் தெரிய மைப்புள்ளி வைப்பது. மாட்டுவது, இழுப்பது, தட்டுவது. ஒவ்வொரு அளவுக்கும் புது நூல். இதற்குமேல் ஒரு ரகசியமும் இல்லை. பொடி சரியாகக் கலந்திருக்காது உனக்கு. கலக்கும்போது பாட்டுக் கேட்பாய், பாதியில் நிறுத்திவிடுவாய், எனக்குத் தெரியாதா?

நோட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கவேண்டும். அங்கே இல்லையென்றால் அலமாரிச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று யோசி. உன்னிடம்.

இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்றரை வருஷம் தலைப்பு கிடைக்காமல் சுற்றினாய். அம்மாவிடம் போனில் அழுதாய், அம்மா உன் அண்ணனிடம் சொன்னார்கள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். இப்போது உனக்கு ஒரு தலைப்பு கிடைத்திருக்கிறது: கொக்கு தப்பு. நன்றாக விலைபோகும் தலைப்பு. நீ கேட்டு வாங்கவில்லை என்கிறாய். கேட்காமலே கையை நீட்ட முடியும் என்பதும் எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்று. ஜூலை பதினைந்தாம் தேதி தொழிற்சாலையில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு. அதற்குத் தராசின் கடிதம் வேண்டும். ஏப்ரலிலேயே கேட்டேன். "சில விஷயங்கள் முடியட்டும்" என்று ஒரு வரி வந்தது. அந்தச் சில விஷயங்கள் நீதான் என்று இப்போதுதான் தெரிகிறது.

குறுக்கலை வந்துசேரும் முன்பே, நூலின் நீளவாக்கில் ஓடும் நெட்டலை வந்து மைப்புள்ளிகளை நூலோடு நூலாக நடுக்கிவிட்டுப் போகும், நினைவிருக்கிறதா? உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே உன் அண்ணன் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவரிடம் என்ன சொன்னாய்?

கொக்கு

—

ஜூன் 12

அண்ணிக்கு,

பொடியை எடைபோட்டுக் கலந்தேன். பாட்டுக் கேட்கவில்லை. மறுபடி முப்பது நூல் வார்த்தேன். குமிழ் உள்ளவற்றைப் புது நுண்ணோக்கியில் பார்த்துக் கழித்தேன். (உங்கள் காலத்தில் அது இல்லை. நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். நான் கழித்த விதம் உங்களுடையதைவிடக் கறாராகத்தான் இருக்கும்.) பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உங்கள் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் இரண்டு மடங்கில் நான்கு வித்தியாசம். மூன்று மடங்கில் இரண்டு. நான்கு மடங்கில் ஒன்றே ஒன்று. இழுக்க இழுக்க நாம் இருவரும் நெருங்குகிறோம். இட்டுக்கட்டியவர் எதற்காக இப்படி இட்டுக்கட்டவேண்டும்? இரண்டு நாள் யோசித்தேன். பதில் ஒன்றுதான் வந்தது. நான்கு மடங்கை மட்டும் உண்மையில் அளந்திருக்கிறீர்கள். மற்ற இரண்டையும் அதற்குப் பொருந்தும்படி எழுதியிருக்கிறீர்கள்.

தவறென்றால் சொல்லுங்கள்.

சாவியைப் பற்றி. ஸ்டோர்காரரிடம் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அந்த உயரமா இருப்பாங்களே, அவங்கதானே? கடைசி நாள் வந்தாங்க. ஒரு நோட்டை எடுத்துப் பைக்குள்ள வெச்சாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மான்னேன். சிரிச்சிட்டே போயிட்டாங்க."

"எந்த நோட்டு?"

"நீல அட்டை. நான் என்ன பிரிச்சா பார்த்தேன்?"

நான்காம் நோட்டு நீல அட்டை.

கீழ்த்தட்டில் இருக்கவேண்டும் என்று எழுதினீர்கள். பொய்தானே? அது ஒரு பொய் என்றால் இருபத்தொன்று எப்படி உண்மையாகும்?

என்னை இப்படி யோசிக்கவைத்தது நீங்கள்தான். ஒரே அறை, ஒரே மேசை, மூன்று வருஷம். என் டப்பாவிலிருந்து சாப்பிட்டீர்கள். கடைசி ஒரு வருஷம் முழுக்க, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பை மாட்டும்போது "நூலகத்துக்கு" என்றீர்கள். நான் நம்பினேன். நூலகத்தில் என்ன படிக்கிறீர்கள் என்றுகூட அக்கறையாகக் கேட்டிருக்கிறேன். பிறகு அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள். "உன் சிநேகிதிதான்டி நமக்கு மருமக. உனக்குத் தெரியாதா?" கையிலிருந்த தலையணை உறையை உலர்த்தி முடித்தேன்.

ஒரு வருஷம், தினமும், முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைக்க முடிந்தவருக்கு மூன்று எண்கள் பெரிய காரியமா?

அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அறிக்கையை 24ஆம் தேதி கொடுக்கிறேன்.

—

ஜூன் 17

வண்டு,

எதுவும் சொல்லவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் என் புத்தக அலமாரியைத் துடைத்தார். இந்த இரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் அவர் துடைத்த முதல் பொருள் அதுதான். நான் துவைத்த துணியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தேடறீங்க?"

"தேடல. தூசி."

"தூசி நோட்டுக்குள்ளயா இருக்கு?"

"உள்ளயும் இருக்கும்ல."

காது இரண்டும் சிவந்துவிட்டது. உங்கள் குடும்பத்தில் பொய் சொல்ல யாருக்கும் வராது, அதில் அவர் கடைசி. துணியைக் கீழே வைத்தேன். அப்புறம் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அவ கேட்டா, பார்த்து சொல்லுண்ணான்னா. நான் என்ன பண்றது? ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கறீங்க."

அவரை உளவு பார்க்க அனுப்பிவிட்டு, "எதுவும் சொல்லவில்லை" என்று எனக்கு எழுதுகிறாய். நான் மறைத்தேன் என்று சொல்கிறவள் நீ.

அவருக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் நோட்டு அலமாரியில் இல்லை, தையல் பெட்டியில் இருக்கிறது. ஆமாம். என்னிடம்தான் இருக்கிறது. கீழ்த்தட்டு என்று எழுதியது பொய். ஸ்டோர்காரர் சொன்னது நிஜம்.

காரணம் நீ நினைக்கிறது இல்லை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் வேறு ஏதோ எழுதிவைத்திருந்தேன். அந்தக் கடைசி வருஷத்தில். எண்கள் இல்லை. சொந்த விஷயம். அதை அந்த அலமாரியில், உன் கை படுகிற இடத்தில், விட்டுவிட்டு வர முடியவில்லை. பக்கங்களைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. மூல நோட்டில் பக்கம் கிழிந்திருந்தால் அது வேறு மாதிரிக் குற்றம், உனக்கே தெரியும். முழு நோட்டையும் எடுத்துவந்தேன்.

அனுப்ப மாட்டேன். அனுப்பினால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவாய். நாவலையே கடைசியிலிருந்து படிக்கிறவள் நீ.

எல்லா இடத்திலும் இப்போது என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. இங்கே நாங்கள் கட்டுத்துணிக்கான எலாஸ்டிக் நாடா செய்கிறோம். என் வேலை, ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி மெஷினில் மாட்டி இழுவையைக் குறித்துக்கொள்வது. முந்தாநாள் சூப்பர்வைசரம்மா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "ஏம்மா, கை சும்மாவே இருக்காதா உனக்கு? வெட்டினதும் வெளிச்சத்துல பிடிச்சு ஒரு இழு இழுத்துப் பார்க்கிறே. அப்புறம் மெஷின் எதைச் சோதிக்கும்? நீ சோதிச்ச மிச்சத்தையா?" எல்லார் முன்னாலும். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். நிரந்தரம் பண்ணாததற்குக் காரணம் சேர்க்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அதை அவர் உனக்கு எழுதுவாரா என்று யோசித்தேன். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

நீ நினைப்பதை எழுதிக் கொடு. நான் மூன்றையும் அளந்தேன். ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை. வேறென்ன சொல்ல.

—

ஜூன் 23

அறிக்கையை இன்று காலை கொடுத்துவிட்டேன். 24 என்று எழுதியிருந்தேன், ஒரு நாள் முன்பே கொடுத்தேன். உங்களிடமிருந்து ஏதாவது வந்து என் மனதை மாற்றிவிடுமோ என்று பயம். இரண்டு பக்கம். கடைசி வரி: "இரண்டு, மூன்று மடங்கு அளவீடுகள் உண்மையில் செய்யப்பட்டவையா என்பது ஐயத்திற்குரியது." தராசு வாங்கி உறையோடு இழுப்பறையில் வைத்தார். வெளியூர் போகிறார். இரண்டாம் தேதி வந்து படிப்பாராம்.

மதியம் உங்கள் கடிதம் வந்தது.

அண்ணனை அனுப்பியது நான்தான். அது பொய். ஒப்புக்கொள்கிறேன்.

தையல் பெட்டியைப் பற்றிப் படித்தபோது கோபம் வந்தது. அதே கோபத்தோடு மேலே படித்து, சூப்பர்வைசர் பேசியதைத் தாண்டிப் போய்விட்டேன். கை கழுவப் போனேன். தொட்டிக்கு மேலே அந்த ஜன்னல். நீங்கள் கை தூக்கினால் எட்டும், எனக்கு நுனிக்காலில் நின்றாலும் சட்டம் எட்டாது. குழாயை மூடாமல் நின்றேன்.

நீ அங்கேதான் நிற்பாய். முதுகு காட்டிக்கொண்டு. வார்ப்புக் குழாயிலிருந்து உருவின நூலை இரண்டு கையிலும் பிடித்து, அந்த வெளிச்சத்தில். குமிழ் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். இழுத்துப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன். பார்த்து, அதை ஒரு செய்முறையாக எண்ணவே இல்லை. நீ தும்முவதை எண்ணாத மாதிரி.

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். பத்து நூல். ஒவ்வொன்றையும் உன்னை மாதிரியே இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டம்வரை ஒரே ஒரு தடவை இழுத்து விட்டேன். ஜன்னல் அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர். அதாவது நான்கரை மடங்கு. பிறகு வழக்கம்போல மாட்டினேன்.

இரண்டு மடங்கில் இருபத்தொன்று. மூன்றில் இருபது. நான்கில் இருபது.

முதல் இழுப்பில் ரப்பருக்கும் பொடிக்கும் நடுவே சில பிடிகள் விட்டுப்போகின்றன. அதன்பிறகு அது கொஞ்சம் தொய்ந்த, வேறொரு நூல். அலை அதில் மெதுவாகப் போகிறது. முதல் வருஷப் பாடம். இரண்டு மதிப்பெண் கேள்வி. நாம் இருவரும் எழுதியிருக்கிறோம். நான் நான்கு மடங்குக்கு இழுக்கும்போது உன் ஜன்னல் இழுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறேன். அதனால்தான் அங்கே நம் எண்கள் நெருங்கின. நீ புது நூல் என்று எழுதிய எதுவும் புது நூல் இல்லை.

இப்போது என் கேள்வி. அந்தச் சூப்பர்வைசர் விஷயத்தை வேண்டுமென்றே எழுதினாயா? சம்பந்தமில்லாமல், கோபமான கடிதத்தின் நடுவில், அவ்வளவு விவரமாக. ஒரு பதிலைத் தயாரித்துவிட்டு, அதை நானே கண்டுபிடிக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. நீ அப்படிச் செய்யக்கூடியவள். எனக்கு அந்த ஒரு வருஷம் ஞாபகம் இருக்கிறது.

தராசிடம் சொன்னால் "எங்கே எழுதியிருக்கு?" என்பார். நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, நான் நாத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன்பே நீ இழுத்தாய் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால், அது நான்காம் நோட்டில்தான் இருக்கும்.

இரண்டாம் தேதிக்குள்.

—

ஜூன் 27

வண்டு,

வேண்டுமென்றே எழுதவில்லை. நம்ப முடியாவிட்டால் விடு. நான் சொல்லி நீ நம்புகிற காலம் போய்விட்டது, அதைப் போக்கினதும் நான்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, சமையலறை அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தேன். எடுத்த கை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அது வெளிச்சத்தில், இழுபட்டு நின்றது. உன் அண்ணன் பார்த்துவிட்டு, "இது எப்பவும் பண்றதுதானே" என்கிறார். எப்பவுமா? "கல்யாணத்துக்கு முன்னாடி பஸ் டிக்கெட்டைக்கூட அப்படித்தான் பிடிச்சிப் பார்ப்பே." என் கையைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

தையல் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தேன். செய்முறைப் பக்கத்தில் இழுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடி புரட்டினேன். அப்புறம் பக்க மூலைகளைப் பார்த்தேன். வார்த்த நூல்களின் கணக்கு ஸ்டோருக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று தினமும் மூலையில் குறித்திருக்கிறேன். "வார்த்தது 12. ஜன்னலில் 2. மிச்சம் 10." "வார்த்தது 12. ஜன்னலில் 1. மிச்சம் 11." குமிழ் இருந்த இடத்தில் இழுக்கும்போது அறுந்துபோனவை. இழுக்காமல் ஜன்னலில் நூல் எப்படி அறும்? நாற்பத்தொரு பக்கத்தில் இந்தக் குறிப்பு இருக்கிறது. பழைய மை. தராசு வேண்டுமானால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும்.

இந்த நோட்டை நான் ஒளித்திருக்காவிட்டால் நீ முதல் நாளே இதைப் பார்த்திருப்பாய். மூன்று வாரமாக உன்னைத் திட்டினேன். சாட்சி என் ஊசிகளுக்கு அடியில் கிடந்தது.

ஆனால் நீ எழுதியது ஒன்று சரி. ஆய்வேட்டில் "ஒவ்வொரு அளவுக்கும் புது நூல்" என்று இருக்கிறது. அது உண்மையில்லை. "நான்கரை மடங்குக்கு ஒருமுறை இழுத்துவிட்ட நூல்" என்று இருக்கவேண்டும். திருத்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத் தராசு கடிதம் தருவாரோ மாட்டாரோ. தராவிட்டாலும் அந்த வரியை மாற்றத்தான் வேண்டும்.

கடைசி ஏழு பக்கங்களை மூன்று ஓரமும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அதில் உனக்கு எழுத ஆரம்பித்த கடிதங்கள் இருக்கின்றன. ஏழும் ஒரே கடிதம்தான். "உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்று ஆரம்பித்து, எதுவும் முடியவில்லை. ஒவ்வொன்றிலும் வேறு ஏதோ இருக்கிறது, உனக்குப் பிடிக்காதது. உன் அண்ணனைப் பற்றி, உன்னைப் பற்றி. பிரிக்காதே என்று கேட்டுக்கொள்கிறேன். பிரித்தால் எனக்குத் தெரியவா போகிறது.

ஒன்று சொல். 24 என்று தேதி கொடுத்துவிட்டு 23ஆம் தேதி கொடுத்தாய். என் கடிதம் வந்துவிடும் என்ற பயம் என்கிறாய். அந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று பயந்தாய்? நான் சரியாக இருந்துவிடுவேன் என்றா?

கொக்கு

—

ஜூலை 2

கொக்கு,

ஆமாம். நீ சரியாக இருந்துவிடுவாய் என்றுதான்.

சரியாக இருந்தால் எனக்குத் தலைப்பு இல்லை. அது மட்டுமில்லை. நீ எண்களிலும் பொய் சொன்னவள் என்றால், அந்த வருஷம் முழுக்க எனக்கு நடந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்: அவள் அப்படிப்பட்டவள். காரணம் இருந்தால் வசதி. பொய் சொன்னதும் நீதான், இருபத்தொன்றை நேர்மையாக அளந்ததும் நீதான் என்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

நோட்டு நேற்று வந்தது. ஸ்டோர்காரர்தான் வாங்கி வைத்திருந்தார். "அந்த நீல அட்டை! திரும்பி வந்திடுச்சா? இப்பவாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா." நான் போட்டேன்.

மூலைகளை எண்ணினேன். நீ சொன்னது நாற்பத்தொன்று. இருப்பது நாற்பத்திரண்டு. ஒரு பக்கத்தில் "ஜன்னலில் 0. வண்டு கை தட்டினாள்" என்று இருக்கிறது. அந்த நாள் எனக்கு நினைவில்லை. மையை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். புது மையா என்று. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தேய்த்தேன். கலையவில்லை.

சூப்பர்வைசர் விஷயத்தை நீ வேண்டுமென்றே எழுதினாயா என்று இன்னும் யோசிக்கிறேன். ராத்திரிக்கும் யோசிப்பேன். ஆனால் வேண்டுமென்றே எழுதியிருந்தாலும் நான் ஸ்டூல்மேல் நின்று இழுத்த நூலில் இருபத்தொன்றுதான் வந்தது. அது உன்னைக் கேட்டு வரவில்லை.

இழுக்காத நூலுக்கு என் எண்கள். இழுத்த நூலுக்கு உன் எண்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் விஷயம் முழுதாகும் என்று தோன்றுகிறது. அதைப் பற்றி இப்போது பேச எனக்குத் தெம்பில்லை.

உறையை நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று இதை இங்கே நிறுத்தினேன். இப்போது சாயங்காலம். நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

தராசு பதினொரு மணிக்கு வந்தார். அதற்கு முன்பே நாற்பத்திரண்டு பக்கங்களையும் நகல் எடுத்திருந்தேன். நகல் எடுக்கிறவர், "பின்னாடி ஒட்டியிருக்கிறதையும் பிரிச்சு எடுத்துடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். நகல்களையும், உன் திருத்தத்தையும், என் ஸ்டூல் அளவீடுகளையும் அவர் மேசையில் வைத்தேன். இழுப்பறையில் இருந்த என் உறையைத் திருப்பிக் கேட்டேன்.

"படிக்கவே இல்லையேம்மா இன்னும்."

"அதான் சார் கேட்கிறேன்."

என்னை ஒரு நிமிஷம் எடைபோட்டார். பிறகு கொடுத்தார். உன் திருத்தத்தை இரண்டு தடவை படித்தார். கடிதம் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எந்த ஜன்னல்?" என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினேன். அவருக்கும் எட்டவில்லை. ஸ்டூலில் ஏறி, கையில் ஒரு நூலோடு கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போனபின் நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். டேப்பின் ஒரு முனையை நகத்தால் கிளப்பினேன். பிறகு கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப ஒட்டினேன். நோட்டை அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்றாவதற்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். சாவியை உனக்கு அனுப்பும் இந்த உறைக்குள் போட்டேன்.